இரண்டு கொன்ராடுகள்

பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள், என் பேனாவை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார்கள், இது எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்படி ஒரு டப்பா இருந்திருந்தால் ஊரில் பாதி வழக்கு குறைந்திருக்கும். முப்பத்திநான்கு வருஷம் காரைக்குடிப் பக்கத்தில் பத்திரங்களோடு குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற பிறகு, பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்த இடத்திலும் பழைய காகிதத்தின் முன்னால்தான் உட்கார வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. மகள் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். என் வீட்டுக்காரர் இன்னமும் இந்திய நேரத்தில்தான் தூங்குகிறார், பகலெல்லாம் குறட்டை. பக்கத்து வீட்டு ஆர்லீன் அம்மாள் மட்டும் இல்லையென்றால் நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன். ஆர்லீனுக்கு எண்பத்தொரு வயது, கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது, ஓரப் பார்வைதான், என்னையே தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பாள், கோழி பார்க்கிற மாதிரி. அவளுடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் இந்த ஊருக்கு வந்த கதையைத் தேட ஆரம்பித்துப் பாதியில் கண் போய்விட்டது. நான் பழைய கையெழுத்து படிப்பேன் என்று தெரிந்ததும் மறுநாளே கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேக். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இந்த ஆவணக் கூடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இன்று கடைசி நாள். அடுத்த செவ்வாய் எனக்கு விமானம், அந்த வார ஞாயிறு அவர்கள் குடும்பத்தார் எல்லாரும் கூடுகிறார்கள், அதற்குள் வம்சப் படம் முடிய வேண்டும். இன்றைக்கு வர வேண்டிய பெட்டி இன்னும் உள்ளே இருந்து வரவில்லை. குளிர்சாதனம் காலில் அடிக்கிறது. கைப்பையில் இருக்கிற போன் என் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கிறது, அதை நான் நினைக்கக் கூடாது.

பால்ட்சர் ரைசிங்கர். அதுதான் முப்பாட்டன் பெயர், முதல் நாள் அதை வாயில் வரவழைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஜெர்மனிப் பக்கத்துக்காரன், பீப்பாய்த் தச்சன், மரப் பட்டைகளைத் தீயில் காட்டி வளைத்து இரும்பு வளையம் மாட்டுகிற தொழில், ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பதில் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான். மாவும் உப்புக்கறியும் பீப்பாயில்தான் போகும், அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. இவனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் நான் வில்லங்கம் பார்க்கிற முறையில் அடுக்கினேன், கடைசிக் காகிதத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கையாகப் பின்னால் போக வேண்டும், நடுவில் ஒரு கை விட்டால் மேலே இருப்பது எதுவும் செல்லாது. ஆர்லீனிலிருந்து பின்னால் போனால் ஏழாவது கையில் கொன்ராட், பால்ட்சரின் மகன், இந்த ஊரிலேயே பிறந்தவன். சரி. ஆனால் ஜெர்மனி சர்ச்சுப் பதிவின் நகல் ஒன்று ஆர்லீனின் கோப்பில் இருந்தது, அதில் பால்ட்சருக்கு அங்கேயே ஒரு மனைவி, ஒரு மகன், அந்த மகன் பெயரும் கொன்ராட், பிறந்தது பத்து வருஷம் முன்னால். ஒரு அப்பனுக்கு ஒரே பெயரில் இரண்டு மகன்களா என்று கேட்டேன். ஆர்லீன் சாதாரணமாகச் சொன்னாள், முதல் பிள்ளை செத்திருக்கும், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள், பெயர் வீணாகக் கூடாது என்று. படத்தில் முதல் கொன்ராடின் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போடச் சொன்னாள். போட்டேன். செத்த பிள்ளையின் பெயர். இதை அவள் சொன்னது மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, நான் வீட்டுக்குப் போய் ரசம் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் போனில் அந்தச் செய்தி வந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நான் வேறு மாதிரி நினைத்திருப்பேனோ என்னமோ.

திறக்கவில்லை. திறந்தால் அனுப்பியவருக்கு நீலக் குறி விழுந்துவிடும், படித்துவிட்டாள் என்று தெரிந்துவிடும். திறக்காமலே தெரிகிற முதல் வரி மட்டும் எனக்கு மனப்பாடம். அக்கா வணக்கம், நான் மலேசியா தைப்பிங், வேலாயுத பத்தர் மகள், அப்பாவைப் பற்றி. அத்தோடு புள்ளி வைத்து நிற்கிறது. மேலே அனுப்பியவர் பெயர், சொர்ணவல்லி. என் பெயர். என் பெயர்தான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னடா இது எனக்கு நானே எப்போது அனுப்பினேன் என்று முட்டாள் மாதிரி நின்றேன், ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்பா வேலாயுத பத்தர் நகைவேலைக்காரர், எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது தைப்பிங்கில் ஒரு நகைக்கடைக்கு வேலைக்குப் போனார், நான்கு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று காற்றுவாக்கில் வந்த பேச்சை அம்மா காதில் போட்டுக்கொண்டதே இல்லை, வந்தா வரட்டும் வராட்டி போகட்டும் என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அங்கே ஒரு மகள் இருப்பாள் என்று நானும் நினைத்துப் பார்த்ததுண்டு, கோபமாகக்கூட இல்லை, தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனால் அவளுக்கு என் பெயர். பெயர் வீணாகக் கூடாது. அப்படியானால் அந்த மனிதர் தைப்பிங்கில் ஒரு தொட்டிலைப் பார்த்துச் சொர்ணவல்லி என்று கூப்பிட்ட நாளில் நான் செத்துவிட்டேன். காரைக்குடியில் ஏழோ எட்டோ வயதில் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டுவிட்டார். மூன்று வாரமாக இதே நினைப்பு, பல் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, ஆர்லீன் ஏதோ கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டபோது. அறுபத்தாறு வயதில் அப்பா மேல் இவ்வளவு கோபம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இல்லை, கோபம்கூட இரண்டாவதுதான். முதலில் பயம். அப்பாவைப் பற்றி என்றால் என்ன பற்றி. உயிரோடு இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்க வேண்டும், உயிரோடு இருக்கிறவரைப் பற்றி யாரும் புள்ளி வைத்து எழுத மாட்டார்கள். செத்த செய்திதான். அது எனக்குத் தெரிந்துவிட்டால் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு எண்பத்தைந்து. தினம் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம் வைக்கிறாள், தாலியில் மஞ்சள் பூசுகிறாள், வெள்ளிக்கிழமை தலை நிறையப் பூ. என் மகள் கல்யாணத்தில் ஆரத்திக்கு அம்மாதான் முன்னால் நின்றாள், புருஷன் போன இடம் தெரியாதவளை எதுக்கு முன்னால விடறீங்க என்று சம்பந்தி பக்கம் ஒருத்தி முணுமுணுத்தபோது நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் சாப்பிடாமலே போய்விட்டாள். சட்டப்படி பார்த்தால் ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாத ஆளை இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், மனு எழுதுங்கம்மா, வாரிசுச் சான்று வாங்குங்கம்மா என்று. அம்மா இருக்கிற வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மாற்றவில்லை. மாற்றினால் மனுவில் அம்மா பெயருக்கு முன்னால் கைம்பெண் என்று எழுத வேண்டும், அதை என் கையால் எழுத மாட்டேன். ஊரார் வில்லங்கத்தையெல்லாம் பிரித்துப் போட்டவள் என் வீட்டுப் பத்திரத்தை மட்டும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இப்போது இந்தப் பெண் ஒரே செய்தியில் பூட்டை உடைக்கப் பார்க்கிறாள். பத்தாம் நாள் என்று சொந்தக்காரிகள் வந்து நிற்பார்கள், எண்பத்தைந்து வயதுக்காரியின் கழுத்தில் கை வைப்பார்கள், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அழித்துவிடலாம். திறக்காமலே அழித்துவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது, தெரியாததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. இதையும் மூன்று வாரமாகத்தான் நினைக்கிறேன். கட்டை விரலை வைப்பேன், எடுப்பேன்.

பெட்டி வந்துவிட்டது. கூடத்துப் பெண் மெத்தென்ற திண்டில் அந்தக் காகிதத்தை வைத்துவிட்டுப் போனாள், மடித்த இடமெல்லாம் பழுப்பு, பால்ட்சர் செத்த பிறகு இங்கிருந்த நீதிமன்றத்தில் அவன் சொத்து சம்பந்தமாக எழுதியது. ஆர்லீன் தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தாள். இந்தக் கையெழுத்து பழகிய கையெழுத்து, எந்த நாட்டு குமாஸ்தாவும் சம்பளம் போதாது என்கிற கோபத்தில்தான் எழுதுவான், கடைசி எழுத்தை இழுத்துவிடுவான். மெல்லிய குரலில் படித்துக்கொண்டே போனேன். மனுதாரர் கொன்ராட் ரைசிங்கர், பீப்பாய்த் தச்சர், வயது முப்பத்திரண்டு. நான் நிறுத்திவிட்டேன். இந்த ஊர்க் கொன்ராடுக்கு அந்த வருஷம் இருபத்திரண்டுதான் இருக்க வேண்டும். மறுபடியும் படித்தேன், முப்பத்திரண்டுதான். இறந்தவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த மகன் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. நாம் சிலுவை போட்ட பிள்ளை கப்பலேறி வந்து, அப்பன் செத்து ஐந்து மாதம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கிறான். ஆர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கை ஜில்லென்று இருந்தது. நிலத்தில் பங்கு வேண்டாம், இறந்தவரின் மகன் என்று என் பெயரையும் எழுத வேண்டும், அவ்வளவுதான் மனு. அப்புறம் தம்பியின் வாக்குமூலம். அண்ணன் ஒருவன் இருந்ததாகவும் அவன் குழந்தையிலேயே இறந்ததாகவும் அந்தப் பெயரையே தனக்கு வைத்ததாகவும் அப்பா சொன்னார் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறான். அடப்பாவி. உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்துவிட்டதாக பால்ட்சர் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான், பெண்டாட்டிக்குப் பயந்தோ என்னமோ. நான் நினைத்தது சரிதான், எல்லா ஊரிலும் இப்படித்தான், போன இடத்தில் புதுசாக ஒன்று வந்ததும் பழையதைப் புதைத்துவிடுகிறார்கள். ஆர்லீன் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய முப்பாட்டன், அவளுக்கு வருத்தம் இருக்காதா. மேலே படி என்றாள்.

மேலே ஒரே ஒரு கேள்வி. ஒரு தந்தைக்கு ஒரே பெயரில் உயிருள்ள இரண்டு மகன்கள் எப்படி என்று நீதிபதி மூத்தவனைக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னதை குமாஸ்தா அப்படியே எழுதியிருக்கிறான், இதில் மட்டும் கையெழுத்து நிதானமாக இருந்தது. எங்கள் தாத்தா பெயர் கொன்ராட், அவரும் பீப்பாய்த் தச்சர், என் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு அப்பாதான். இதைப் படித்துவிட்டு நான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஆர்லீன், அப்புறம் அப்புறம் என்கிறாள். அப்புறம் ஒன்றும் இல்லை, தீர்ப்புப் பக்கம் இல்லை, கிழிந்து போயிருக்கிறது. நான் பென்சிலை வைத்தது அதற்காக இல்லை. எனக்கு என் பெயர் எங்கிருந்து வந்தது. அப்பத்தா பெயர், அப்பாவைப் பெற்றவள், சொர்ணவல்லி, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். எங்களில் மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயர்தானே வைப்போம், இதை ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், சித்தப்பா மகள்கூட சொர்ணவல்லிதான், வீட்டில் பெரிய வல்லி சின்ன வல்லி என்று கூப்பிட்டார்கள். தைப்பிங்கில் ஒரு பெண் குழந்தை பிறந்ததும் அந்த மனிதர் வேறு என்ன பெயர் வைப்பார். அவருக்கும் ஒரே ஒரு அம்மாதான். என்னை நினைத்தும் வைக்கவில்லை, மறந்தும் வைக்கவில்லை, என்னைச் சாகடிக்கவும் இல்லை. மூன்று வாரமாக நான் ஜெர்மனிக்காரன் வழக்கத்தை வைத்துக்கொண்டு காரைக்குடி பத்தரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், முப்பத்திநான்கு வருஷம் பத்திரம் படித்த லட்சணம். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே வந்துவிட்டது, கூடத்துப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் விட்டுவிட்டுப் போனது போனதுதான், அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் இது வேறு. ஆர்லீன் படத்தை என் பக்கம் தள்ளி, "அந்தச் சிலுவையை அழி. அவன் வாரிசுகள் எங்கேயாவது இருப்பார்கள், எனக்கு அவர்களும் வேண்டும்" என்றாள். அழித்தேன். பென்சில் என்பதால் சுலபமாகப் போய்விட்டது, காகிதத்தில் லேசான பள்ளம் மட்டும் இருந்தது.

உள்ளே போன் எடுக்கக் கூடாது என்பதால் வராந்தாவுக்கு வந்தேன். மணி பத்தரை, ஊரில் ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும், அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். தைப்பிங் பெண்ணும் மூன்று வாரமாக வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள், என் பெயரையும் எழுது என்று. அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம், அது என் பாரம், அதற்காக இவளை நிறுத்தி வைக்க எனக்கு என்ன உரிமை. கட்டை விரலை வைத்தேன், இந்தத் தடவை எடுக்கவில்லை. நான் பயந்தது முதல் இரண்டு வரியிலேயே இருந்தது. அப்பா காலமாகி முப்பத்தொரு வருடம் ஆகிறது அக்கா, மூச்சுத் திணறல், மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். முப்பத்தொரு வருஷம். கீழே இன்னும் இருந்தது. எங்க அம்மா அப்போதே பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதிட்டாங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சமயம் பார்த்து நானே சொல்லிக்கிறேன்னு பெரியம்மா பதில் போட்டாங்க, அதனால் நாங்கள் யாரும் உங்களைத் தேடவில்லை, போன மாதம் பெரியம்மாவே போன் செய்து உங்க நம்பரைக் கொடுத்தாங்க, என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், இப்போது எழுது, பக்கத்தில் இருந்தால் என்னைப் பார்த்து அழுவாள்னு சொன்னாங்க. பெரியம்மா என்றால் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவு மண்டு ஆகிவிட்டேன். அம்மாதான். அம்மாவுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

அம்மா எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, எப்போதும் அதுதான் முதலில் கேட்பாள். "என்ன ஆத்தா, படிச்சிட்டியா" என்றாள். நான் ஆமாம் என்றேன். ஏம்மா சொல்லல என்று கேட்டேன், அவள் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. "சொன்னா நீ என் கழுத்தைப் பாப்பே. ஊரு பாக்கறதைத் தாங்கிக்கிடலாம். நீ பாக்கறதை என்னால தாங்க முடியாது" என்றாள். அப்புறம் பொட்டைப் பற்றி நான் கேட்காமலே அவளே சொன்னாள், அது அந்த மனுசனுக்காக வச்சதில்ல, எனக்குப் பொட்டு வச்சா நல்லாருக்கும், நாளைக்கும் வைப்பேன், நீ வந்து ஒண்ணும் சொல்லப்படாது. சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தால் தேதி கேட்கத்தான் வாய் வந்தது, இத்தனை வருஷப் பழக்கம், தேதி இல்லாத காகிதத்தை நான் தொட்டதில்லை. எந்த மாசம்மா, என்ன திதி, அவருக்கு யாராவது செய்தார்களா, நான் ஒரு வருஷம்கூட ஒன்றும் செய்யவில்லையே என்றேன். மாசி வளர்பிறைப் பிரதமை என்றாள் அம்மா. அன்றைக்கு வருஷா வருஷம் எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு வாழைக்காயும் பாசிப்பருப்பும் சமைப்பது உண்டு, ஆபீசுக்குத் தாமதமானாலும் நான்தான் சோற்றை இலையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவேன். அது தாத்தா திதி என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

"தாத்தாவுக்கு ஐப்பசியில" என்றாள் அம்மா. "முப்பத்தொரு வருசமும் உங்க அப்பாவுக்கு நீதான் ஆத்தா காக்காய்க்குச் சோறு வச்சே."